ஆயுத பூஜை அன்று எழுந்திருக்காத சர்வர்

"செல்வி மேடம், சர்வர் வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. பேஷண்ட்ட ஸ்கேன் எடுத்துட்டேன். திருச்சிக்குப் படம் போயாகணும்."

டூட்டி டாக்டர் நிவேதா போனில் இப்படிக் கேட்டபோது நான் சர்வர் அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் எதிரே நெற்றி நிறைய சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, செவ்வந்தி மாலையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சர்வர் நின்றது. விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. ஆனால் உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை.

"வரும் டாக்டர்" என்றேன். வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடமாக சிஸ்டம் அட்மின். அங்கே எனக்குப் பெயர் கம்ப்யூட்டர் மேடம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், டிவியில் சேனல் வரவில்லை என்றாலும் நான்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் பெரிய ஊர் கம்பெனிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே ஒரு மெஷின் படுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நம் ஊரில் நீ ஒரு ஆள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுமாவடியிலிருந்து வந்த கார்

அந்த நோயாளியின் பெயர் காளியம்மாள். கட்டுமாவடிக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அன்று காலை ஏலம் கூறிக்கொண்டிருக்கும்போதே நாக்கு குழறியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்து, வலது கை தொங்கிவிட்டது. கூட்டத்தில் நின்றவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மகன் பாண்டி வந்து பார்த்துப் பதறி, கார் பிடித்து, அறந்தாங்கி வழியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

எந்த நேரம் என்று சொல்ல வேண்டும். பக்கவாதம் மூளை ரத்தக்குழாயில் அடைப்பால் வந்திருந்தால், அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அடைப்பு இல்லாமல் உள்ளே ரத்தக் கசிவு இருந்தால், அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். இரண்டில் எது என்று சிடி ஸ்கேன் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படம் பார்க்கும் எங்கள் டாக்டர் பூஜை லீவுக்குச் சொந்த ஊர் போய்விட்டார். திருச்சியில் ஒரு நரம்பியல் டாக்டர் எங்களுக்காகப் படம் பார்த்துச் சொல்வார். படம் அவருக்குப் போகிற வழி எங்கள் சர்வர்தான். நிவேதா சும்மா இருக்கவில்லை. ஸ்கேன் அறைத் திரையைச் செல்போனில் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் ஸ்பீக்கரில் கத்தியது எனக்கும் கேட்டது.

"இத வச்சு நான் சொல்ல மாட்டேம்மா. ஓரத்துல ஒரு வெளுப்பு தெரியுது. அது ரத்தமா, ஒங்க டியூப்லைட்டா? ஒரிஜினல் படம் வேணும். அது இல்லாம ஊசி போடச் சொன்னா நான் டாக்டர் இல்ல, கொலைகாரன்."

படத்தை ஒரு டிஸ்க்கில் எழுதி வேறு கம்ப்யூட்டர் வழியாக அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்கேன் மெஷினில் டிஸ்க் எழுதும் டிரைவ் போன மாதமே போய்விட்டது. புதுசு கேட்டதற்கு எங்கள் நிர்வாக மேலாளர் சிதம்பரம் சார், "அதான் சர்வர் இருக்குல்லம்மா?" என்றார். இரண்டாவது சர்வர் கேட்டபோதும், "அதான் ஒண்ணு இருக்குல்லம்மா?" என்றுதான் சொன்னார். நல்ல மனுஷன். பணத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் கை நடுங்கும்.

சர்வருக்கும் ஓய்வு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜை என்றால் ஆம்புலன்ஸ் முதல் கருவிகளை அவிக்கிற ஆட்டோகிளேவ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பூஜையில் வைத்த ஆயுதத்தைக் கொஞ்ச நேரமாவது ஓய்வில் விட வேண்டும் என்பது சிதம்பரம் சாரின் கட்டளை. ஸ்கேன் மெஷினையும் ஐசியூவையும் நிறுத்த முடியாது. சர்வரை நிறுத்தலாம் அல்லவா? அவசர சிகிச்சைக்கு அது எதற்கு, அது வெறும் பில் போடுகிற மெஷின்தானே என்பது அவருடைய கணக்கு. பகல் பூஜைக்கு முன்னால் நான் அதை முறைப்படி அணைப்பேன். பூ வைப்பார்கள், தீபாராதனை காட்டுவார்கள், அப்புறம் போட்டுவிடுவேன். வருடா வருடம் நடப்பதுதான். ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை.

அந்த வருடம் நான் அணைத்துவிட்டு, மருந்தகத்தில் பிரிண்டர் பார்க்கப் போனேன். எங்கள் எலக்ட்ரீஷியன் முருகேசண்ணனுக்கு பக்தி ஜாஸ்தி. அழுக்கோடு பூஜையில் வைக்கலாமா என்று, பின்னால் இருந்த இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கி, மெஷினை இழுத்துப் போட்டு, ஈரத்துணியால் பளபளவென்று துடைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மேலே ஓர் எலுமிச்சம்பழமும் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, ஈரத்துணியாலயா தொடச்சீங்க?"

"நல்லாப் புழிஞ்சுட்டுத்தான் மேடம் தொடச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு கேபிளைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஏறியது. ஆனால் அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஏறவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே பெரிய மெஷின். அதை ஹோஸ்ட் என்போம். அதற்குள் பில்லுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ஸ்கேன் படத்துக்கு ஒன்று என்று தனித்தனி கம்ப்யூட்டர்கள் ஓடுகிற மாதிரி பிரித்து வைத்திருக்கிறோம். அவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். கையால் தொட முடியாது, ஆனால் வேலை எல்லாம் அவைதான் பார்க்கும். அன்றைக்கு ஹோஸ்ட் உயிரோடு இருந்தது. உள்ளே இருந்தவை ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. எதை ஸ்டார்ட் செய்தாலும் சிவப்புக் கட்டம்தான் வந்தது. அந்த நேரத்தில்தான் கட்டுமாவடி கார் வாசலில் வந்து நின்றது.

சார், இந்தப் பக்கத்தைப் பாருங்க

சர்வர் விற்ற கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். அவர் குடும்பத்தோடு பூஜையில் இருந்தார். மணிச் சத்தம் கேட்டது. ஈரத்துணி என்று நான் சொன்னதுமே முடிவு கட்டிவிட்டார்.

"தண்ணி எறங்கிருக்கும் மேடம். ப்ராசஸர் போயிருக்கும். நாளான்னைக்கு ஆளு அனுப்புறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க. கை வச்சா வாரண்டி கெடையாது."

சிதம்பரம் சார் என் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேட்டி, விபூதி, முகமெல்லாம் வியர்வை. "கேட்டியாம்மா? கை வைக்காத. நீ ஏதாச்சும் தட்டப் போயி இருக்கிற பில்லு, ரெக்கார்டு எல்லாம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அந்தம்மாவ திருச்சிக்கு அனுப்பிருவோம்."

நிவேதா கதவருகே வந்து நின்றார். "ஆம்புலன்ஸ் போயி, அங்க திரும்ப ஸ்கேன் எடுத்து, பாத்து முடிக்கிறதுக்குள்ள டைம் முடிஞ்சிரும் சார். அதுக்கப்பறம் ஊசி போட முடியாது. அந்தம்மா இனிமே பேச மாட்டாங்க."

அவருக்குப் பின்னால் பாண்டி நின்றான். சட்டையில் மீன் வாடை. எங்களில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னான். "எங்க ஆத்தாவுக்கு வாயிதாங்க தொழிலு. அதான் எங்களுக்குச் சோறு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எழுந்து ஓடிப் போய் திருக்கோகர்ணம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தொட்டால் கெடும், தொடாவிட்டால் ஒருத்தி ஊமையாவாள். யாராவது பெரியவர்கள் வந்து செய் என்று சொல்ல மாட்டார்களா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஹோஸ்ட்டின் விவரப் பக்கத்தைத் திறந்தேன். யாரும் திறக்காத பக்கம் அது. ப்ராசஸரின் பெயர், அது உட்காரும் சாக்கெட் எத்தனை, அதற்குள் கோர் எத்தனை என்று வரிசையாக இருக்கும். அட்மின் வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை பார்ப்போம், அப்புறம் மறந்துவிடுவோம். ப்ராசஸர் எரிந்திருந்தால் இங்கே குறைச்சல் தெரிய வேண்டும் என்று விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு சாக்கெட்டும் இருந்தன. கோர்கள் முழுசாக இருந்தன. வேகம் சரி. சூடுகூட சரி. கடைசியில் விர்ச்சுவலைசேஷன் என்ற தலைப்பில் இரண்டு வரி. முதல் வரி: சப்போர்ட்டட். இரண்டாவது வரி: டிஸேபிள்ட்.

"சார், இங்கிட்டு வாங்க. இந்தப் பக்கத்தப் பாருங்க."

"எனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"பாருங்க சார். ஒங்க தோட்டத்துல போர் மோட்டார் இருக்குல்ல? மோட்டார் நல்லாருக்கு. காயில் எரியல. ஆனா ஸ்டார்ட்டர் ஆஃப்ல கெடக்கு. தண்ணி வருமா?"

"வராது."

"அதான் சார் இங்க. ப்ராசஸர் நல்லாருக்கு. ஒரு மெஷினுக்குள்ள பல மெஷின ஓட்டுற சக்தி அதுக்கு இருக்குன்னு மொத வரி சொல்லுது. அந்தச் சக்திய யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்கன்னு ரெண்டாவது வரி சொல்லுது. இத பயாஸுக்குள்ள போயி ஆன் பண்ணணும். ரீஸ்டார்ட் பண்ணணும்."

பயாஸ் என்பது மெஷின் விழித்தவுடன் முதலில் ஓடுகிற சின்ன புரோகிராம். எதை ஆன் செய்வது, எதை ஆஃப் செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

"ரீஸ்டார்ட் பண்ணி வரலேன்னா?"

"வரலேன்னா எல்லாம் போச்சு சார்" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் திரையைப் பார்த்தார். அந்த இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். கதவருகே நின்ற பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணு. நான் சொன்னேன்னு பண்ணு. போனா எந் தலையில வையி."

அந்த மனுஷனை அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனையும் கழிந்துபோனது.

மறுபடியும் ஆஃப்

பயாஸுக்குள் போனேன். விசைப்பலகை எல்லாம் குங்குமம். தேதி தப்பாக, அந்த மெஷின் பிறப்பதற்கு முந்திய வருடத்தைக் காட்டியது. அவசரத்தில் யோசிக்காமல் திருத்தினேன். ப்ராசஸர் பகுதியில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்தேன். பக்கத்து மெனுவில் டிஸ்க்குகள். அங்கே ஒரு பட்டனைத் தப்பாக அமுக்கினால் எல்லா ரெக்கார்டும் அழியும். அதனால் ஒவ்வொரு தட்டலுக்கும் விரலைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி விரலைப் பார்த்து அமுக்கினேன். சேவ் செய்தேன். "இத ஒரு தடவ ஃபுல்லா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே அணைத்தேன். மெஷினுக்குப் பின்னால், உதவிக்கு என்று முருகேசண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் மெஷின் எழுந்திருக்க ஒரு யுகம் ஆகும். மெமரியை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கண் திறக்கும். நிவேதா வாசலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியதும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

சப்போர்ட்டட். டிஸேபிள்ட்.

நான்தான் கண்ணால் பார்த்து ஆன் செய்தேன். பேய் பிசாசு வேலையா இது? உண்மையாகவே தண்ணீர் இறங்கிவிட்டதா? மறுபடி பயாஸுக்குள் போனேன். நான் சற்று முன் திருத்திய தேதி பழைய வருடத்துக்கே போயிருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் புத்தி வேலை செய்தது. மெஷின் நான் செய்த செட்டிங்கை மறந்துபோகிறது. நினைவில் வைக்க உள்ளே காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருக்கிறது. கேபிளில் கரண்ட் இருக்கிறவரை அது செத்தது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் பூஜைக்கு அணைத்தபோதெல்லாம் கேபிள் சொருகியே இருந்தது, அதனால் தப்பித்தோம்.

அப்படியென்றால் இப்போது ஏன் மறந்தது? மெதுவாகத் திரும்பி முருகேசண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் ஆஃப் பண்ணப்ப கேபிளப் புடுங்குனீங்களா?"

"ஃபுல்லா ஆஃப் பண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? ரெண்டையும் உருவி, பத்து எண்ணிட்டுச் சொருகுனேன். டிவி பொட்டிக்கெல்லாம் அப்புடித்தான் செய்யுறது."

நல்லெண்ணத்தால் ஒரு மனுஷன் இரண்டு தடவை கெடுக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இனிமே அந்தக் கேபிள்ல கை வச்சீங்க, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாவம், அவர் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். சிதம்பரம் சார் தானாகவே போய், கேபிள் சொருகிய பிளக் பாயிண்டுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார், யாரும் கிட்டே வராதபடி.

இரண்டாவது முறை ஆன் செய்து, சேவ் செய்து, அணைத்துப் போட்டேன். கேபிளை யாரும் தொடவில்லை. ஆனால் கரண்ட் போனால்? எங்கள் பகுதியில் மத்தியானம் கரண்ட் போவது சகஜம். யுபிஎஸ் இருக்கிறது, அதன் பேட்டரியும் இதே போல செத்திருந்தால்? அன்று எனக்கு எதன் மீதும் நம்பிக்கை இல்லை. சாமி கும்பிடக்கூட வாய் வரவில்லை.

ஏறியது. பக்கத்தைத் திறந்தேன். சப்போர்ட்டட். எனேபிள்ட்.

ஸ்கேன் படத்தின் மெஷினை ஸ்டார்ட் செய்தேன். பச்சை வந்தது. நிவேதா செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் திருச்சி டாக்டரின் குரல் வராந்தாவில் கேட்டது. "ரத்தம் இல்லம்மா. க்ளியரா இருக்கு. போடு ஊசிய. சீக்கிரம் போடு."

நாலரை மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் போட்டார்கள்.

அதற்குப் பிறகு

சினிமா மாதிரி அவர் உடனே எழுந்து உட்காரவில்லை. மறுநாள் காலை ஐசியூ கம்ப்யூட்டரைப் பார்க்கிற சாக்கில் போனேன். வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். பேச்சு வரவில்லை, 'ம்' 'ஆ' என்று சத்தம்தான். நிவேதாவை ஓரமாக அழைத்துக் கேட்டேன், சர்வர் அந்த முதல் தடவையே எழுந்திருந்தால் இவர் இன்னும் நன்றாக ஆகியிருப்பாரா என்று. "இருக்கலாம் மேடம். எனக்குத் தெரியல" என்றார். அந்தத் தெரியவில்லையை இன்னும் நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது போகாது.

பிள்ளைகளே, சொல்ல வந்தது இதுதான். ஒரு மெஷினால் முடியும் என்பது வேறு, அது இப்போது செய்யத் தயாராக இருக்கிறது என்பது வேறு. இரண்டும் அந்தப் பக்கத்தில் இரண்டு தனி வரி. இரண்டையும் வாசியுங்கள். உங்கள் மேலாளருக்கும் ஒரு நாள் சும்மா இருக்கும்போதே காட்டி வையுங்கள், உயிர் போகிற நேரத்தில் மோட்டார் உதாரணம் தேட வேண்டாம். அப்புறம் அந்தக் காசு அளவு பேட்டரி. அது டீக்கடை வடை விலைதான் வரும். மாற்றிவிடுங்கள். இரண்டாவது ஹோஸ்ட் அந்த மாதமே வந்துவிட்டது, சிதம்பரம் சார் வாயைத் திறக்கவில்லை.

காளியம்மாள் சில வாரம் கழித்து ரிவியூவுக்கு வந்தார். நடந்து வந்தார். மெதுவாகப் பேசினார். நான் யார் என்று பாண்டி சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"பேச்சு... வந்துருச்சு. வெலதான்... வர மாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. பாண்டி சொன்னான். "எல்லாம் பேசுது மேடம். நம்பர் மட்டும் வாயில வரல. கரையில கொண்டு போயி நிறுத்துனேன். கூடை முன்னால நின்னு வாயத் தொறக்குது, ஒண்ணும் வரல. அழுதுகிட்டே வந்துருச்சு. இப்ப வேற ஆளு ஏலம் கூறுறாங்க."

அந்த ஊசி நேரத்தை நினைத்துக்கொண்டேன். அவர்களோடு வாசல் வரை நடந்தேன். பாண்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டான்.

"நூத்தம்பது குடுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"எம்பது!" என்றது ஒரு குரல்.

வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடல் காற்றில் நூறு பேருக்குக் கேட்கிற குரல் அது. காளியம்மாள் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அண்ணே, இன்னொரு தடவ வெல சொல்லுங்கண்ணே" என்றான்.